என் எட்டு நொடிப் பேச்சு: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு ராணுவ வீரரின் மனைவி எழுதும் திறந்த மடல்

செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

2025 மே 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, உங்களில் ஒரு நிறுவனத்தின் செய்தியாளர் கேமராவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று இரவு நடந்த விவாதத்தில், பாகிஸ்தானோடு நடந்த சண்டையை நிறுத்திப் பேச வேண்டும் என்று சொன்ன ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வாயை அடைக்க என் முகத்தைக் காட்டினார்கள். நான் சொன்னது வேறு. இரண்டு மாதமாக மனதிலேயே வைத்துப் புழுங்கிவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் வேலூர் மாவட்டம், குடியாத்தம் பக்கம். எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் அப்பா பட்டாளத்துக்காரர். நான் கட்டிக்கொண்டவரும் பட்டாளத்துக்காரர். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பெயரையும் அவர் இருக்கும் இடத்தையும் இந்த மடலில் எழுதப்போவதில்லை. அந்த இடத்தை நான் என் மாமியாரிடமே சொன்னதில்லை.

வந்த செய்தியாளர் சின்னப் பையன். வெயிலில் வந்து முகமெல்லாம் வியர்த்திருந்தது. மோர் கொடுத்தேன். "அண்ணன் எங்கக்கா இருக்காரு?" என்று கேட்டார். "அது சொல்லக்கூடாது தம்பி" என்றேன். "ஊர்ப் பேர் மட்டும் சொல்லுங்கக்கா, ஸ்க்ரீன்ல போட நல்லா இருக்கும்" என்றார். ராணுவ நடமாட்டத்தை நேரலையில் காட்டக் கூடாது என்று மத்திய அரசு அறிவுரை அனுப்பியிருந்த சமயம் அது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காதில் யாரோ கேட்டுக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

இருபது நிமிஷம் பேசினேன். அதில் ஒரு இடத்தில் நான் சொன்னது இது: "பஹல்காம்ல அந்தப் பாவத்தச் செஞ்சவங்கள விடக்கூடாதுங்க. ஆனா சண்டை நீளக்கூடாது. எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் அந்தப் பக்கமும் எவளோ ஒருத்தி புருஷன் நிக்கிறான். அவளும் என்னை மாதிரி போனையே பாத்துக்கிட்டுதான் இருப்பா. சீக்கிரம் முடிஞ்சாத் தேவலை."

இரவு வந்தது "விடக்கூடாதுங்க" வரைக்கும்தான். எட்டு நொடி.

அதற்கு முன்னால் அந்தப் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பக்கமும் எல்லையோரத்தில் சாகிறவர்கள் ஏழை ஜனங்கள், இது பெரிதாவதற்குள் நிறுத்த வேண்டும் என்றார். நெறியாளர் அவரை இடைமறித்து என் எட்டு நொடியை ஓடவிட்டார். "கணவனை எல்லைக்கு அனுப்பிவிட்டு ஒரு பெண் பேசுகிறார். இவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்த அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை" என்றார். அதற்கப்புறம் நிகழ்ச்சி முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

அவர் கும்பிட்டது என்னை. நானோ அவர் சொன்னதையேதான் காலையில் என் பாஷையில் சொல்லியிருந்தேன். மறுநாள் என் முகத்தையும் அவர் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எனக்குக் கீழே "வீரத் தமிழச்சி" என்றும் அவருக்குக் கீழே "துரோகி" என்றும் போட்ட படம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. என் நாத்தனார் பெருமையாக என்னிடம் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

ராணுவக் குடும்பம் என்றால் போர் வேண்டும் என்று சொல்லும், போர் வேண்டாம் என்பவன் ராணுவத்துக்கு எதிரி என்று நீங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை. மே மாதம் எங்கள் வீடு இருந்த நிலையைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது அவர் லீவில் வீட்டில் இருந்தார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக வருஷத்து லீவைச் சேர்த்துவைத்து வந்திருந்தார். வைகாசி 1ஆம் தேதி மகனைத் தோளில் தூக்கிவைத்துச் சிரசு காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மே முதல் வாரத்தில் திரும்பச் சொல்லி அழைப்பு வந்தது. அரை மணி நேரத்தில் பெட்டி கட்டிவிட்டார். திருவிழாவுக்கு எடுத்த புதுச் சட்டையை எடுத்துப் பீரோவில் வைத்தார். காட்பாடி ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது மகன் "எப்பப்பா வருவ?" என்று கேட்டான். "சிரசுக்கு" என்று சொல்லி ஏறிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர்.

மே 7ஆம் தேதி விடியற்காலை, பாகிஸ்தானில் உள்ள பயங்கரவாத முகாம்களை நம் படை தாக்கிய ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. பஹல்காமின் பைசரன் புல்வெளியில் புருஷன் உடம்புக்குப் பக்கத்தில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் படம் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று தோன்றியது. அதே நிமிஷம் வயிற்றில் என்னவோ பிசைந்தது. கையில் போனை எடுத்து அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. நாலு நாள் அது ஒற்றை டிக்காகவே இருந்தது. சோறு வடிக்கும்போதும் பார்ப்பேன், தண்ணீர் பிடிக்கும்போதும் பார்ப்பேன், ராத்திரி இரண்டு மணிக்கும் பார்ப்பேன். பெருமையும் பயமும் மாறி மாறி வருவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். நீங்கள் மைக்கை நீட்டி ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்கள்.

மே 8ஆம் தேதி இரவு உங்கள் சேனல்களைப் பார்த்தோம். கராச்சித் துறைமுகம் அழிந்தது என்றீர்கள். நம் படை உள்ளே போய்விட்டது என்றீர்கள். என் மாமியார் "அப்போ நம்ம புள்ளையும் உள்ள போயிட்டானா?" என்று கேட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். விடிந்தபோது அதில் பலதும் பொய். நீங்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள். மாமியாருக்கு அன்றைக்கு ஏறிய பிரஷர் இறங்க ஒரு வாரமானது. ஒவ்வொரு விளம்பர இடைவேளை முடிந்ததும் சைரன் ஒலித்தீர்கள். என் மகன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்று மே 10ஆம் தேதி உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம் உங்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

ஆசிரியையாக ஒன்றை மறக்க முடியவில்லை. பூஞ்ச்சில் ஷெல் விழுந்து செத்துப்போன மதரஸா ஆசிரியர் ஒருவரைத் தேசிய சேனல்கள் சில பயங்கரவாதி என்று காட்டின. அது பொய் என்று பூஞ்ச் காவல்துறை அறிக்கை விட்டது. எல்லையோரம் செத்தவர் நம் நாட்டு ஆள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு முன்னால் அவர்கள் தலைகுனிந்து நின்றிருப்பார்களே என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அதே நாட்களில் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் தினமும் வந்து பேசினார்கள். குரல் உயரவில்லை. எங்கே அடித்தோம், ஏன் அடித்தோம் என்பதோடு நிறுத்தினார்கள். சீருடை போட்டவர்கள் அளந்து பேசினார்கள். கத்தியதெல்லாம் ஸ்டுடியோவில்தான்.

மே 10ஆம் தேதி சாயங்காலம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி சண்டை நிறுத்தத்தை அறிவித்தார். நான் ஓடிப்போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன். எதிர்வீட்டு அக்காவின் மகனும் ராணுவத்தில்தான். அவர் தெருவில் நின்றே அழுதார். உள்ளே டிவியில் "பாதியில் நிறுத்தியது ஏன்?" என்று விவாதம் தொடங்கியிருந்தது. மிஸ்ரியையும் அவர் மகளையும் சமூக ஊடகத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் தன் கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. நிறுத்தச் செய்தியைப் படித்ததற்கே அந்தப் பேச்சு என்றால், நிறுத்தச் சொல்பவர் என்ன பாடுபடுவார்?

என்ன பாடுபடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். பஹல்காமில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் கடற்படை லெப்டினன்ட் வினய் நர்வால். கல்யாணமாகி ஆறே நாள். மே 1ஆம் தேதி அவருடைய பிறந்த நாள், கர்னாலில் ரத்ததான முகாம் நடத்தினார்கள். அங்கே அவர் மனைவி ஹிமான்ஷி, நியாயம் வேண்டும் என்றார், முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் யாரும் பாயக் கூடாது, அமைதி வேண்டும் என்றும் சொன்னார். நாடே கண்ணீர்விட்ட பெண்ணை அடுத்த நாளே வசை பாடினார்கள். தேசிய மகளிர் ஆணையம் தலையிட்டுக் கண்டிக்கும் அளவுக்குப் போனது. 2019 புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்தபோது, ஹவுரா மாவட்டத்தில் ஒரு வீரரின் மனைவி, போர் தீர்வாகாது என்றும் பாதுகாப்பில் எங்கே கோட்டைவிட்டீர்கள் என்றும் கேட்டார். அவருக்குக் கோழை என்று பட்டம் கட்டினார்கள். 1999இல் காஷ்மீரில் கொல்லப்பட்ட கேப்டன் மந்தீப் சிங்கின் மகள் குர்மேஹர், அப்பாவை இழந்தபோது இரண்டு வயதுக் குழந்தை. என் அப்பாவைக் கொன்றது போர் என்று அவர் ஓர் அட்டையில் எழுதிப் பிடித்த படத்துக்காக, 2017இல் பாலியல் வன்கொடுமை மிரட்டல்வரை போனார்கள்.

இந்த மூன்று பெண்களிடமும் "ராணுவக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?" என்று யாரும் கேட்க முடியாது. ஏனென்றால் அவர்களே அந்தக் குடும்பம். அவர்கள் பேச்சு உங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றதும் அவர்களைக் குடும்பத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள்.

அப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் பேசியதாகிவிடும்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப் படையில் என் அப்பா இருந்தார். சிப்பாய். காவல் காக்கத்தான் போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கிவிட்டது. தமிழ் பேசத் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது இவரை முன்னால் விடுவார்களாம். ஒரு வீட்டில் ஒரு பாட்டி இவர் பேசும் தமிழைக் கேட்டுவிட்டு, "நீயும் தமிழ்ப் பிள்ளைதானே ராசா, பிறகேன் இதில வந்தனி?" என்று கேட்டதாகச் சொல்வார். அதற்கு மேல் அந்தக் கதை நகராது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். அப்பா அன்று எங்கே இருந்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவே இல்லை. அவரும் சொல்லாமலே போய்விட்டார். அந்த மூன்று வருஷத்தில் நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள்.

1990 மார்ச்சில் படை திரும்பியபோது, சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கத் தமிழ்நாட்டு முதல்வர் போகவில்லை. ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. எனக்கு ஐந்து வயது. அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து டீக்கடைக்குக் கூட்டிப் போயிருந்தார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். பெஞ்சில் இருந்த ஒருவர், "தமிழனச் சுட்டுட்டு வந்த கையில டீய வாங்குறான் பாரு" என்றார். அப்பா டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தார். காசைக் கொடுத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை வந்தார். ஏறி மிதிக்கவில்லை. நான் பன்னைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஆள்மீது எனக்கு வெகு காலம் ஆத்திரம் இருந்தது. போருக்கு எதிராக யார் பேசினாலும் அந்த டீக்கடைதான் நினைவுக்கு வரும். இன்றைக்கும் போர் வேண்டாம் என்பவர்களில் சிலர் "சம்பளத்துக்குத்தானே போறான்" என்று எழுதும்போது எரிகிறது. அந்தப் பேச்சு எங்களைக் காயப்படுத்துகிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அப்பாவிடம் அந்த ஆளைப் பற்றிக் கொதித்துப் பேசினேன். அவர் சொன்னார்: "அவன் கேட்டது தப்பில்லம்மா. டெல்லியக் கேட்டிருக்கணும். என்னைக் கேட்டுட்டான்."

அப்பாவின் இந்தப் பேச்சுதான் இந்த மடலை எழுதவைத்தது. அந்தப் பேராசிரியர் டெல்லியைத்தான் கேட்டார். நீங்கள் அந்தக் கேள்வியை டெல்லிக்குப் போகவிடாமல் மறித்து, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினீர்கள். அனுப்புகிறவர்களைக் கேட்டால் போகிறவர்களை அவமதித்ததாக ஆக்கிவிட்டீர்கள்.

என் கணவரால் இதைப் பேச முடியாது. அரசமைப்பின் 33ஆம் பிரிவும் 1950 ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் அவர் பத்திரிகைக்குப் பேசுவதைக் கட்டுப்படுத்துகின்றன. ராணுவம் அரசியல் பேசாமல் இருப்பதுதான் நாட்டுக்கு நல்லது என்று நானும் நம்புகிறேன். அவர் பேசாமல் இருப்பதாலேயே மற்ற குடிமக்கள் அவருக்காகக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எதற்கு அனுப்புகிறீர்கள், எதைச் சாதிக்க, எப்போது திரும்புவார்கள் என்று கேட்பவர்தான் என் வீட்டுக்காரருக்கு வேண்டியவர். பேராசிரியர் கேட்டதும் அதைத்தான்.

எங்கள்மேல் உங்களுக்குள்ள அக்கறை சண்டை இல்லாத நாட்களில் எங்கே போகிறது என்றும் கேட்கிறேன். 2015 ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த வயதான முன்னாள் வீரர்களை, மெடல் குத்திய சட்டையோடு போலீஸ் இழுத்து அப்புறப்படுத்தியது. காயப்பட்டு வந்தவர்கள் இயலாமை ஓய்வூதியத்துக்காகச் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்கு நடக்கிறார்கள். ஜெயித்தாலும் அரசு மேல்முறையீடு போகிறது. 2025 மே 9ஆம் தேதி எல்லையில் உயிர்விட்ட முரளி நாயக், ஆந்திராவின் ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்துப் பையன், அக்னிவீரர், அதாவது நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் சேர்க்கப்படுகிறவர். நீங்கள் என்னைப் படமெடுத்த அதே நாள். அக்னிவீரர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு மற்ற வீரர்களின் குடும்பத்துக்குப் போல மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அவர் சவப்பெட்டியைக் காட்டினீர்கள். இதைப் பற்றி ஒரு மணி நேர விவாதம் எதையும் நான் பார்க்கவில்லை.

மே 11ஆம் தேதி மதியம் இரண்டு டிக் விழுந்தது. அவர் கூப்பிட்டபோது "டிவில வந்தியாமே?" என்றுதான் முதலில் கேட்டார். முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு" என்றார்.

ஐயா பேராசிரியரே, இதை நீங்கள் படிப்பீர்களா தெரியாது. உங்களுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தால் உங்களுக்கு வந்த அவமானத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது இதுதான்.

என்னைப் படமெடுத்த நிறுவனம், அந்த இருபது நிமிஷத்தையும் வெட்டாமல் ஒளிபரப்ப வேண்டும். முடியாது என்றால் அந்த எட்டு நொடியை இணையத்திலிருந்து முழுவதுமாக நீக்க வேண்டும். எதைச் செய்தாலும், அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அந்தப் பேராசிரியரிடம் பெயர் சொல்லி வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

நீங்கள் அனைவரும், ராணுவக் குடும்பத்தின் பேச்சை வெட்டி இன்னொருவர் வாயை அடைக்கப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். எங்கள் கருத்து வேண்டுமென்றால் எங்களையே விவாதத்துக்குக் கூப்பிடுங்கள். போரை ஆதரிக்கிற குடும்பமும் இருக்கிறது, எதிர்க்கிற குடும்பமும் இருக்கிறது, என்னைப் போல இரண்டுக்கும் நடுவில் தூக்கமில்லாமல் கிடக்கிறவர்களும் இருக்கிறோம். மூன்று பேரையும் உட்காரவைத்து முழுதாகப் பேசவிடுங்கள். பேசியதற்காக யாரையாவது வசைபாடினால், அந்த வசையைத் திரையில் ஓட்டிக் காசாக்காதீர்கள்.

அமைச்சரை, ஆளுங்கட்சிப் பேச்சாளரை உட்காரவைக்கும்போது, பஹல்காமில் பாதுகாப்பு ஏன் இல்லை என்றும், அக்னிவீரர் குடும்பத்துக்கு ஓய்வூதியம் ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

தவறான செய்தி போட்டால், அது ஓடிய அதே நேரத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். சைரன் ஒலியைத் தூக்கி எறியுங்கள்.

கடைசியாக ஒன்று. வீரர் இறந்த செய்தி படைப்பிரிவிலிருந்து முறையாக வந்து சேரும்வரை எந்த வீட்டுக்கும் கேமரா அனுப்பாதீர்கள். வந்த பிறகும், அந்த வீட்டார் வரச் சொன்னால் மட்டும் வாருங்கள். அந்த நாலு நாளில் எங்கள் தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமியார் எழுந்து நின்றுவிடுவார். மே 9ஆம் தேதி காலை உங்கள் வண்டி வந்து நின்றபோதும் அவர் எழுந்து நின்றார். நான் கதவைத் திறந்து யார் என்று பார்த்துச் சொல்லும்வரை அவர் தூணைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

இப்படிக்கு,
ஒரு ராணுவ வீரரின் மனைவி, ஒரு ராணுவ வீரரின் மகள்
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்